வண்டியோடு வந்த தொப்பி

என் பீரோவின் தலையில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் ஓடாத மேசை விசிறிக்கும் நடுவே, ஒரு தொப்பி இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்கு வைத்துக்கொண்டார்களே, அந்த வகை. உள்ளே நெட்டி, வெளியே வெளுத்துப்போன காக்கித் துணி. விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பல பேர் பந்தாக உதைத்த தொப்பி அது. பாலிதீன் பையில் போட்டு, வாயைச் சணலால் கட்டியிருக்கிறது. அந்த முடிச்சைப் போட்டவர் என் அத்தை. சணலை இரட்டையாகச் சுற்றி, நுனியை உள்பக்கமாகச் செருகி, மேலே ஒரு சின்னக் காது விட்டுக் கட்டுவார். அரிசிப் பை, முறுக்கு டப்பா, அட்டைப்பெட்டி, எதுவாக இருந்தாலும் அவருக்கு அதே முடிச்சுதான். அவர் அதை என் கையில் கொடுத்த நாளிலிருந்து நான் அவிழ்க்கவில்லை. தூசி தட்டும்போது தூக்குவேன், திரும்ப வைத்துவிடுவேன். குப்பை வண்டி வரும் காலையில் வாசல் வரைக்கும் கொண்டுபோய், வண்டிக்காரர் கையை நீட்டிய பிறகு, வேண்டாம் என்று திரும்பியும் இருக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

தொப்பி என் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி, அத்தையின் கணவர். கீழ ரதவீதியில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை வைத்திருந்தார். சங்கரன்கோவிலில் யார் வீட்டுச் சுவரில் எந்தச் சாமி தொங்கினாலும், எந்தத் தாத்தா மாலையோடு தொங்கினாலும், அநேகமாக அது அவர் கை பட்டதாகத்தான் இருக்கும். நாங்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா பாட்டுப் புத்தகத்தோடு ஆராதனையில் முதல் வரிசையில் நிற்பார். திங்கட்கிழமை காலையில் சங்கரநாராயணருக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருப்பார். பாதி சிவனும் பாதி பெருமாளுமாக நிற்கிற அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கும்போது, "ரெண்டு பேரையும் ஒரே சட்டத்துக்குள்ள வச்ச ஊருவே நம்ம ஊரு" என்று வாங்க வந்தவரிடம் சொல்லுவார். ஊரைப் பற்றி அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை எப்போதும் இருந்ததில்லை என்பதால், அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து, மண்டகப்படிப் பந்தல்களைப் பிரித்த கையோடு, ஊர் ஆகஸ்டு பதினைந்துக்குத் தயாராகும். இப்போதுபோல் பள்ளிக்கூடத்துக்குள் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிற விழா இல்லை அது. ரதவீதிக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள். காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் கொடி வணக்கம் முடிந்ததும் ஊர்வலம் புறப்பட்டு, நான்கு ரதவீதியும் சுற்றி, தேரடியில் போய் முடியும். முன்னால் ஒருவர் கொடி பிடித்துப் போவார். அவருக்குப் பின்னால் தலைவர்களின் படங்களை ஏந்திய பிள்ளைகள், பிறகு பேண்டு செட்டு, அதற்கும் பின்னால் வேஷக்காரர்கள். ஜனம் காத்துக்கிடந்தது வேஷக்காரர்களுக்குத்தான். குச்சிபோல் ஒரு போலீஸ், அவர் சங்கிலியில் பிடித்துவரும் மலைபோல் ஒரு கைதி, பேண்டு சத்தம் கேட்டாலே மிரளுகிற புலி, ஜன்னல் திரையில் கவுன் தைத்துப் போட்டுக்கொண்டு வரும் துரைசானி. அந்தத் துரைசானி மற்ற நாளில் விசைத்தறி ஓட்டுகிறவர். மீசையை மட்டும் எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். கடைசியில் ஒரு தள்ளுவண்டி வரும். அதில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வருவார் துரை. அதுதான் மாமா.

அவரைத் துரையாக ஆக்கிய கதையை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். தலைவர் படங்களுக்கெல்லாம் காசு வாங்காமல் சட்டம் போட்டுக் கொடுத்ததால் அவரையும் கமிட்டியில் சேர்த்தார்களாம். முதல் கூட்டத்திலேயே வெள்ளைக்காரனாக யார் வருவது என்று பேச்சு வந்திருக்கிறது. யாரும் முன்வரவில்லை. அப்போது ஒருவர், "ஏன்வே, நம்ம பிரேம் கடைக்காரர் இருக்காருல்லா? ஞாயித்துக்கிழமையானா அவங்க சாமியத்தான கும்பிடுதாரு? துரைக்குச் சொந்தக்காரர் மாதிரிதான்" என்று சொல்ல, கூட்டம் குலுங்கிச் சிரித்ததாம். மாமாவும் சிரித்திருக்கிறார். சிரித்துக்கொண்டே சரி என்றும் சொல்லியிருக்கிறார். யாருக்கும் எங்கள்மேல் பகை கிடையாது. கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு முதல் ஆளாக வருவார்கள், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராப்பகலாக நின்றார்கள். பகை இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பிரியமாகச் சொல்லுகிறவர்களிடம் என்ன சண்டை போடுவது?

வேஷத்தை மாமா ஏனோதானோ என்று போடவில்லை. முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகம், கழுத்து, காது மடல் வரைக்கும் பூசுவார். மக்காச்சோளக் கதிரின் முடியை நிழலில் உலர்த்தி, மைதாப் பசையில் ஒட்டி, செம்பட்டை மீசை வைப்பார். பேண்டு மாஸ்டரின் பழைய கறுப்புக் கோட்டு, அரை டவுசர், முழங்கால் வரைக்கும் காலுறை, ஒற்றைக் கண்ணில் ஒரு சைக்கிள் பெல் மூடியின் வளையம். அதெல்லாம் வேடிக்கை என்றால், வேஷத்தின் உயிர் அவர் முகத்தில் இருந்தது. உலகமே சிரித்தாலும் அவர் சிரிக்க மாட்டார். கடைக்குக் கடை வண்டியை நிறுத்தி, "நாம்கு வரி வேணும்! ஜல்தி!" என்று பிரம்பை நீட்டுவார். கடைக்காரர்கள் அதற்கென்றே எடுத்து வைத்திருக்கும் சொத்தைக் கத்தரிக்காய், வற்றல் காம்பு, உடைந்த பல்பு என்று ஏதாவது ஒன்றைப் பணிவாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் அதை வளையத்தின் வழியாக ஆராய்ந்து பார்த்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த கடைக்குப் போவார். மாடியிலிருந்து கடலைத் தோலை வாரி இறைப்பார்கள். தேரடி வந்ததும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, "வெளியே போ! வெளியே போ!" என்று விரட்டுவார்கள். துரை வண்டியிலிருந்து விழுந்து எழுந்து, தொப்பியை விட்டுவிட்டு ஓடுவார். தொப்பியை ஆளுக்கு ஒரு உதை உதைப்பார்கள். அதோடு ஊருக்குச் சுதந்திரம் வந்துவிடும்.

மாமா வீட்டுக்கு வந்து புறவாசல் குழாயடியில் உட்காருவார். அத்தை எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட, கன்னத்திலிருந்து வெள்ளை வழிந்து அவருடைய சொந்தக் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். காது மடிப்பில் மட்டும் மறுநாள் வரைக்கும் வெள்ளை இருக்கும். ஒவ்வொரு வருஷமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "அவ்வளவுதான். கழுவுனாப் போயிரும். துரை கப்பல் ஏறியாச்சு" என்பார். ஆனால் துரை எங்கேயும் போகவில்லை. மறுநாள் கடைக்கு வருகிறவர், "துரை, இந்தப் படத்துக்கு என்ன ஆகும்?" என்பார். தபால்காரர் துரை என்றார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. வேஷம் இல்லாமல், வெள்ளை வேட்டி சட்டையில், ஒரே ஒரு தடவை ஊர்வலத்துக்கு முன்னால் கொடி பிடித்து நடக்க வேண்டும். இதை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், கமிட்டியிலும் ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கிறார். கமிட்டிக்குத் தலைவராக இருந்தவர் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி. தங்கமான மனிதர். "நீரு துரைல்லா வே! உம்ம விட்டா அந்த வேசத்துக்கு ஆளு ஏது? அடுத்த வருசம் பாப்போம்" என்று தோளில் தட்டுவார். மாமாவும் தலையாட்டிவிட்டு வருவார். கொடி பிடிக்கிறவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஜெயிலுக்குப் போனவரும் இல்லை, அடி வாங்கியவரும் இல்லை. உயரமாக இருந்தார், கம்பீரமாக நடந்தார், அவ்வளவுதான். "நீங்க ஏன் மாமா கெஞ்சணும்? பேசாம கமிட்டியை விட்டு வந்திருங்க" என்று நான் கோபப்படுவேன். "கெஞ்சலட்டி. கேக்குதேன். கேட்டா ஒரு நாள் தருவாங்க. நம்ம ஊருதான?" என்பார். அந்த 'நம்ம ஊரு' என்ற சொல்லை அவர் சொல்லும் விதத்தில், ஏதோ ஒரு இடத்தில் கேள்விக்குறி இருந்தது. எனக்கு அது அப்போதே கேட்டது.

நான் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த சமயம். அந்த வருஷம் தாலுகா ஆபீஸ்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மாமா வழக்கம்போல் கேட்டார். அண்ணாச்சிக்கு என்ன தோன்றியதோ, "சரிவே, இந்த வருசம் நீரே புடியும். துரை இல்லாம ஒரு வருசம் போனாத்தான் என்ன" என்று சொல்லிவிட்டார். மாமா கடையைப் பாதியில் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொல்லிவிட்டு உட்காரவும் இல்லை, காப்பியும் குடிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். வேட்டிக்குக் கஞ்சி போடச் சொல்லி அத்தையைப் பாடாய்ப் படுத்தினார். கடையில் சட்டம் செய்ய வைத்திருக்கும் மரச் சட்டங்களில் நீளமான ஒன்றை எடுத்து, நுனியில் ஒரு துண்டைக் கட்டி, புறவாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்து பழகினார். கொடியையே கட்டிப் பழகலாமே என்றதற்கு, "சீ, அத வச்சா வெளையாடுதது?" என்று என்னைக் கடிந்துகொண்டார். அத்தை அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர்வலத்தன்று நான் தலைவர் படங்களை ஏந்திய மாணவிகளோடு கொடிக்கு நேர் பின்னால் வந்தேன். மாமாவின் முதுகும், கஞ்சி விறைப்பில் நின்ற சட்டைக் காலரும், புதிதாக வெட்டிய முடிக்குக் கீழே பிடரியும் எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கின்றன. தெற்கு ரதவீதியில் நுழையும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கொடி வருவதைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் செருப்பைக்கூடக் கழற்றினார். மாமா இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு, எங்கேயும் பார்க்காமல் நேரே பார்த்து நடந்தார்.

டீக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே, துரைலே!" அவ்வளவுதான். இன்னொருவன், "துரை இந்த வருசம் தலைவர் வேசம் போட்டு ஏமாத்த வந்திருக்காருலே!" என்று கத்தினான். சிரிப்பு அங்கே தொடங்கியது. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஜனங்கள் கேலியாகச் சிரிக்கவில்லை. அந்த வருஷத்து வேடிக்கை இதுதான் என்று நினைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் வேட்டி கட்டி, தேசபக்தனாக மாறுவேஷம் போட்டு, கொடியையும் தூக்கிக்கொண்டு வருகிறான்! இதைவிட ஒரு நல்ல வேடிக்கையை யாரால் யோசிக்க முடியும்? மாமா முகத்தை மாற்றவில்லை. சிரிக்காத முகம்தானே துரையின் முத்திரை. அவர் விறைக்க விறைக்க, சிரிப்பு கூடியது. நேராகப் பார்த்தார், கூடியது. கண் கலங்கியது என்று நினைக்கிறேன், அதற்கும் கைதட்டினார்கள்.

கடைக்காரர்களிடம் யாரும் இந்த வருஷம் துரை இல்லை என்று சொல்லியிருக்கவில்லை. அவர்கள் வழக்கம்போல் வரியை எடுத்து வைத்திருந்தார்கள். பாத்திரக்கடைக்காரர் ஒரு சொத்தைக் கத்தரிக்காயைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு ஓடி வந்து, மாமாவுக்கு முன்னால் குனிந்து, "துரை, நம்ம வரிய வாங்காமப் போறீரே" என்றார். வீதியே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மாமா கம்பை விட முடியாமல், காயை வாங்கவும் முடியாமல் நின்றார். என் மாணவிகள், கையில் தலைவர் படங்களை வைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தார்கள். மாடியிலிருந்து கடலைத் தோல் விழ ஆரம்பித்தது. மாமாவின் தலையில், தோளில் விழுந்தது. பிறகு கொடித் துணியிலும் விழுந்தது.

அதைப் பார்த்ததும் அண்ணாச்சி பதறிப்போய் ஓடி வந்தார். "கொடி மேல படுதுவே! போலீஸு பாத்துக்கிட்டு நிக்கி! குடும், குடும்" என்று மாமா கையிலிருந்து கம்பை வாங்கினார். பக்கத்தில் வந்த தன் மகனிடம் கொடுத்தார். அந்தப் பையன் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனதும் சிரிப்பு பொசுக்கென்று அடங்கியது. கொடி ஒழுங்காகப் போக ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சி பின்னால் திரும்பி, "அந்தத் தொப்பியக் கொண்டாங்கலே!" என்று கத்தினார்.

தொப்பி தள்ளுவண்டியில் இருந்தது. துரை இல்லாத ஊர்வலத்தில் தள்ளுவண்டி எதற்கு என்று நான் காலையிலிருந்து யோசிக்கவே இல்லை. வண்டி வந்திருந்தது, நாற்காலி வந்திருந்தது, கோட்டு வந்திருந்தது. பாலிதீன் பையில் கட்டிய தொப்பி கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. யாரோ அவிழ்க்கப் பார்த்தார்கள், முடியவில்லை. பை மாமாவின் கைக்கு வந்தது. மாமா அந்த முடிச்சைப் பார்த்தார். இரட்டைச் சுற்று, உள்ளே செருகிய நுனி, மேலே சின்னக் காது. அவர் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு காதைப் பிடித்து இழுத்தார், முடிச்சு அவிழ்ந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுத்த முகம், மேலே துரைத் தொப்பி. பாத்திரக்கடைக்காரரின் தட்டிலிருந்து கத்தரிக்காயை எடுத்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி ஆராய்ந்து, "நாம்கு வரி போதாது!" என்றார். அந்தச் சத்தம் தேரடி வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்று மாமா நடித்ததுபோல் என்றைக்கும் நடித்ததில்லை. இன்றைக்கும் வயதானவர்கள் யாராவது, "டீச்சர், ஒங்க மாமா ஒரு வருசம் வேட்டி கட்டித் துரையா வந்தாரே, அத மறக்க முடியுமா?" என்பார்கள். அவர்களுக்கு அது மாமாவே யோசித்துச் செய்த வேடிக்கை. அதைப் பாராட்டாகத்தான் சொல்லுகிறார்கள். நானும் தலையாட்டிவிட்டுக் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். என்ன சொல்லித் திருத்துவது?

மதியம் மாமா வீட்டுக்கு நான் போனபோது அவர் குழாயடியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். பூச்சு ஒன்றும் இல்லாத முகம். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவில்லை, வழக்கமாகச் சொல்லும் பேச்சையும் சொல்லவில்லை. அடுப்படியில் அத்தை என் முகத்தைப் பார்க்காமல் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்காமலேயே அவராகச் சொன்னார்: "முந்தின நாளு அண்ணாச்சி கடைப் பையன் வந்து தொப்பியக் கேட்டான்ட்டி. சும்மா வண்டியில கெடக்கட்டும்னு சொன்னாங்களாம். குடுத்தேன்." எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நானும் நெனச்சேன், எதுக்கும் இருக்கட்டும்னு" என்றார். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் அந்த ஒரு வாக்கியத்தில் வடிந்துபோயிற்று. அத்தை மாமாவை அவமானப்படுத்த நினைக்கவில்லை. அவர் அவமானப்பட்டு நிற்கும்போது தலையில் வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்றுதான் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஊர் நம்பவில்லை, அண்ணாச்சி நம்பவில்லை, கட்டின மனைவியும் நம்பவில்லை. மாமா ஒருவர்தான் நம்பினார், அதுவும் தெற்கு ரதவீதி வரைக்கும்தான்.

அடுத்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் அவர் எதுவும் கேட்கவில்லை. முத்துவெள்ளை பூசினார், சோளமுடி ஒட்டினார், வண்டியில் ஏறினார். அதற்குப் பிறகும் பல வருஷம் போட்டார், ஒரு வருஷமும் குறை வைக்கவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை, கடையில் யாரும் இல்லாத நேரத்தில், ஒரு கண்ணாடியை வெட்டிக்கொண்டே அதைப் பற்றிப் பேசினார். "கழுவுனாப் போயிரும்னு நெனச்சேன் மக்கா. அது பூசுனது இல்ல போல" என்றார். கண்ணாடி கோணாமல் நேராக உடைந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சட்டத்துக்குள் வைத்தார்.

ஊர்வலம் ஒரு நாளில் நிற்கவில்லை. அண்ணாச்சி காலமானார், ரதவீதியில் வண்டி வாகனம் பெருகியது, அனுமதி வாங்க அலைய ஆள் இல்லை. ஒரு வருஷம் வேண்டாம் என்றார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். ஊரில் சிலருக்கு வருத்தம். எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. தொலைந்தது என்று நினைத்தேன். மாமாவுக்கு இனிமேல் அந்தத் தொப்பி வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

மாமா இறந்த அன்று காலையில் வீட்டு முக்கில் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் வைத்திருந்தார்கள். கடைவீதி இளைஞர்கள் அவர்களாகவே காசு போட்டு, விடிவதற்குள் அடித்துக் கொண்டுவந்தது. ஆளுயரத்துக்கு மாமாவின் படம். வெள்ளை பூசிய முகம், செம்பட்டை மீசை, தலையில் தொப்பி. கீழே 'நம்ம ஊர்த் துரை' என்று கொட்டை எழுத்தில். நான் போய்ச் சத்தம் போட்டேன். அந்தப் பையன்களின் கண்கள் அழுது சிவந்திருந்தன. ஒருவன், "இதுலதான டீச்சர் நம்ம துரை அழகா இருக்காரு" என்றான். இன்னொருவன், "வேற படம் இருந்தாக் குடுங்க டீச்சர், இப்பமே மாத்திருவோம்" என்றான். நாங்கள் வீடெல்லாம் தேடினோம். ஊர் முழுக்கச் செத்தவர்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவரின் வீட்டில், மங்கிப்போன கல்யாணப் படத்தையும் ஆதார் அட்டையையும் விட்டால் அவர் படம் ஒன்றுமில்லை. கல்யாணப் படத்தில் இருந்த ஒல்லிப் பையனை அவர்களில் யாருக்கும் தெரியாது. ஆதார் அட்டையில் இருந்தவரை எங்களுக்கே தெரியவில்லை. ஃபிளக்ஸ் அப்படியே நின்றது. சபை ஐயர் ஜெபம் பண்ணி, பெட்டியை மூடும் நேரத்தில், பழைய துரைசானி தள்ளாடித் தள்ளாடி வந்து, அத்தையிடம் தொப்பியைக் கேட்டு வாங்கிப் பெட்டியின் மேல் வைத்தார். கல்லறைத் தோட்டம் வரைக்கும் அது அங்கேயே இருந்தது. மண் போடும்போது அத்தை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் இல்லாத அத்தை, தான் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அதைக் கட்டி என்னிடம் கொடுத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

போன மாதம் மாடியில் குடியிருக்கும் பெண் இறங்கி வந்தாள். எங்கள் சபைதான். கணவன் குவைத்தில். மகன் இங்கே ஒரு பள்ளியில் சின்ன வகுப்பில் படிக்கிறான். சுதந்திர தினத்துக்கு மாறுவேஷப் போட்டியாம். "டீச்சர், இவனுக்குத் துரை வேசம் குடுத்திருக்காங்க. காமெடியா பண்ணணுமாம். ஒங்க வீட்டுல பழைய தொப்பி ஒண்ணு இருக்குன்னு சர்ச்சுல சொன்னாங்க" என்றாள். முகமெல்லாம் மலர்ச்சி, பிள்ளைக்கு ஒரு வேஷம் கிடைத்த மலர்ச்சி. அவன் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீ என்ன வேஷம் கேட்டே?" என்றேன். "தலைவர் வேசம் கேட்டேன், டீச்சர். வசனம்லாம் படிச்சு வச்சிருந்தேன்" என்றான். "அப்புறம்?" "மிஸ் எம் பேரக் கூப்பிட்டதுமே, நீதான் துரைக்குப் பொருத்தமா இருப்பேன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. தலைவர் வேசம் அடுத்த வருசம் பாப்போம்னு சொன்னாங்க."

தொப்பி செல்லரித்துப் போய்விட்டது, எப்போதோ எறிந்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். மனதாரப் பொய் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஏதோ ஒன்றை நிறுத்திவிட்ட மாதிரி. அவள், "பரவால்ல டீச்சர், ஆன்லைன்ல கெடைக்குமாம்" என்று மேலே போனாள். மறுநாளே வந்துவிட்டது. பிளாஸ்டிக், பழுப்பு நிறம், கழுத்துக்கு வார் வைத்தது.

ஆகஸ்டு பதினைந்தன்று பள்ளிக்கு என்னையும் கூட்டிப்போனாள். தலைவர்களாக வந்த பிள்ளைகள் வசனம் மறந்து நின்றார்கள், அழுதார்கள், ஒரு குழந்தை மைக்கைக் கடித்தது. இவன் பிசகவில்லை. மேடையில் ஏறி, தொப்பியைச் சரிசெய்து, வெள்ளை பூசிய முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "வரி கட்டு!" என்றான். அரங்கு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. சிரிக்காததற்கு இன்னும் சிரித்தார்கள். எங்கே பழகினான்? யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. முதல் பரிசு கொடுத்தார்கள். அந்த மிஸ் அவன் கன்னத்தைக் கிள்ளி, "துரை, துரை" என்று கொஞ்சினாள். நல்ல பெண்; எல்லாப் பிள்ளைகளிடமும் அப்படித்தான் பிரியமாக இருந்தாள்.

சாயங்காலம் கீழே என் வீட்டுக் குழாயடியில் அவனை உட்காரவைத்து அவன் அம்மா முகம் கழுவிவிட்டாள். காது மடிப்பில் வெள்ளை ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவன் சிணுங்கினான். "சும்மா இருலே, கழுவுனாப் போயிரும்" என்று அவள் தேய்த்தாள். நான் உள்ளே, பீரோவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தொப்பி அதன் பைக்குள், அத்தையின் முடிச்சோடு, இருந்த இடத்திலேயே இருந்தது. அதை நான் மறைத்து வைத்து யாரைக் காப்பாற்றினேன்?

கொஞ்ச நேரத்தில் அவள் கதவைத் தட்டினாள். ஒரு கையில் ஈரம் துடைத்த பிளாஸ்டிக் தொப்பி, இன்னொரு கையில் ஒரு பாலிதீன் பை. "கொஞ்சம் சணல் இருக்குமா, டீச்சர்? பத்திரமா கட்டி வச்சிருதேன்" என்றாள். "அவன் அடுத்த வருசம் தலைவருன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியுதான். எதுக்கும் இருக்கட்டும்."

சணல் எடுத்துக் கொடுத்தேன்.